ரெண்டு மா நிலமும் ஸ்டெம் செல்லும்

பிறந்ததும் மூச்சுவிடாமல், அழாமல், மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்துபோன குழந்தைகள் வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கமிருந்தெல்லாம் 108-ல் எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வந்து இறங்கும். முன்பெல்லாம் அப்பாக்கள் "பிழைச்சிடுமா சிஸ்டர்?" என்பார்கள். இப்போது போனை நீட்டி, "ஸ்டெம் செல் போட்டா மூளை சரியாகிடுமாமே?" என்கிறார்கள்.

ஸ்டெம் செல் என்பது வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல். கேள்வியை ஒதுக்கிவிட முடியாது, அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஆக்ஸிஜன் நின்றதும் மூளைச் செல்கள் எல்லாம் உடனே சாவதில்லை. மூச்சு திரும்பியபின் சில மணி நேரம் குழந்தை தேறியதுபோல் கிடக்கும். ஆறு மணி நேரம் தாண்டும்போது இரண்டாவது சுற்றுச் சேதம் தொடங்கும். கால் சைக்கிள் மிதிப்பதுபோல் ஆடும், வாய் சப்புக்கொட்டும். புதிதாக வரும் நர்ஸ்கள் பசி என்று நினைப்பார்கள், அது ஃபிட்ஸ். ஸ்டெம் செல்லை இந்தச் சமயத்துக்குத்தான் யோசிக்கிறார்கள். செத்த செல்லுக்குப் பதிலாகப் புதிது முளைக்க அல்ல. அழற்சியை அடக்கி, மிச்சமிருப்பதைக் காப்பாற்ற.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட 23 குழந்தைகளுக்கு அவரவர் தொப்புள்கொடி ரத்தச் செல்களையே (அதில் ஸ்டெம் செல் உண்டு) செலுத்தி, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். நெதர்லாந்தில், பிறக்கும்போதே பக்கவாதம் வந்த 10 குழந்தைகளுக்கு ஸ்டெம் செல்லை மூக்கு வழியாகக் கொடுத்தார்கள். கொடுக்க முடிகிறது, உடனடி ஆபத்து தெரியவில்லை, அவ்வளவுதான். பலன் உண்டா என்று சொல்ல இந்த எண்ணிக்கை போதாது.

எனக்குச் சந்தேகம் வர இன்னொரு காரணமும் உண்டு. இதே குழந்தைகளின் உடம்பை 72 மணி நேரம் 33-34 டிகிரியில் குளிரவைக்கும் சிகிச்சை மேலை நாடுகளில் நிரூபணமானது. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் பார்த்த ஹீலிக்ஸ் ஆய்வில் (2021), குளிரவைத்தவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், மற்றவர்களில் 31. அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று யார் எழுதித் தர முடியும்?

ஏஜென்ட்டுகளுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. வளைகாப்பு முடிந்த கையோடு, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லிப் போன் வந்துவிடுகிறது.

ஒருவர் கேட்டார்: "ரெண்டு மா நிலம் இருக்கு சிஸ்டர், வித்துடட்டுமா?"

"வேண்டாம் தம்பி. இந்த நோய்க்கு ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் போடக் கூடாதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஐ.சி.எம்.ஆர். விதியே இருக்கு. முறையான ஆய்வுன்னா உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் பிசியோதெரபிக்கு மாசாமாசம் அழைச்சிட்டு வாங்க, இங்க இலவசம்தான்."

"எந்தக் கிழமை வரணும்?" என்றார்.