டியூஷன் இல்லாமல் நுழைவுத் தேர்வு: திருத்தும் வேலையும் உங்களுடையதே

பயிற்சி மையத்தில் சேராமல் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் முதலில் தேடுவது பாடம் நடத்தும் வீடியோக்களைத்தான். ஆனால் பாடம் நடத்த ஆள் கிடைப்பது இன்று கஷ்டமே இல்லை. பாடப்புத்தகம் கையில் இருக்கிறது, இலவச வகுப்புகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. கிடைக்காதது, நாம் போட்ட கணக்கைப் பார்த்து "இந்த வரியில்தான் தப்பு" என்று சொல்லும் ஆள். கட்டணம் கட்டிப் படிப்பவர்களுக்குக் கிடைக்கும் உண்மையான உதவி அதுதான். அதை நாமே செய்யப் பழகிக்கொள்ள வேண்டும்.

தேர்வை நடத்தும் அமைப்பு வெளியிட்ட சிலபஸையும், கடைசி ஐந்து ஆண்டு வினாத்தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் புதிய இரண்டைத் தவிர்த்து, மற்ற தாள்களின் ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று சிலபஸிலேயே கோடு போட்டு எண்ணுங்கள். அரை நாள் வேலை. எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. இடையில் தேர்வு முறை மாறியிருந்தால், பழைய தாள்களைக் கேள்விகளுக்காக மட்டும் பாருங்கள். நேரக் கணக்குக்கு அவை உதவாது. அந்தப் புதிய இரண்டு தாள்களை இப்போது திறக்காமல் தனியே வைத்துவிடுங்கள், கடைசி மாதத்தில் தேவைப்படும்.

புத்தகம் பாடத்துக்கு இரண்டு போதும்: பாடப்புத்தகம் ஒன்று, கணக்குகளும் கேள்விகளும் உள்ள பயிற்சிப் புத்தகம் ஒன்று. மூன்றாவது வாங்கத் தோன்றினால், இரண்டாவதில் பாதிகூட முடியவில்லை என்று அர்த்தம்.

திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் தனியாகப் படிப்பவர்களை அதிகம் ஏமாற்றும் பழக்கம். வாசிக்க வாசிக்க வரிகள் பழகிவிடும், தெரிந்ததுபோல இருக்கும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே ஒரு பாடத்தை ஒருமுறை கவனமாகப் படித்ததும் மூடிவிட்டு, வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று இதையே செய்யுங்கள். அந்த வேறு நிற மை குறைந்துகொண்டே வர வேண்டும்.

இனி திருத்தும் வேலை. ஓர் எளிய கணக்கையே பார்க்கலாம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் கார் பிரேக் பிடித்ததும் விநாடிக்கு விநாடி 4 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போகும்? 72 கி.மீ. என்பது விநாடிக்கு 20 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் 2 மடங்கால் வகுப்பதுதான் சூத்திரம். 20இன் வர்க்கம் 400, அதை 8ஆல் வகுத்தால் 50 மீட்டர். அலகை மாற்றாமல் போட்டவருக்கு 648 வரும். சூத்திரத்தில் உள்ள 2ஐ மறந்தவருக்கு 100 வரும். கேள்வி எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 100, 648 இரண்டும் விடைத் தெரிவுகளில் இருக்கும். நம் விடை தெரிவுகளில் இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சான்று ஆகாது.

இந்தக் கணக்கு தவறினால் பலரும் தவறுகளைக் குறித்துவைக்கும் பிழை நோட்டில் "கவனக்குறைவு" என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. "கி.மீ.யை மீட்டராக மாற்றவில்லை" என்று எழுதுங்கள். அதே வரி நோட்டில் மூன்று முறை வந்துவிட்டால் அது கவனக்குறைவு இல்லை, பழக்கம். எடுத்த எடுப்பிலேயே எல்லா அலகுகளையும் மாற்றி எழுதிவிட்டுத்தான் சூத்திரத்தைத் தொடுவது என்று வைத்துக்கொண்டால் சரியாகும். கருத்தே புரியாமல் தவறியது என்றால் பாடப்புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். தெரிந்தும் நினைவுக்கு வராதது என்றால் வெற்றுத்தாள் பயிற்சி. "தவறான கூற்று எது" என்பதைச் "சரியான கூற்று எது" என்று வாசித்துவிட்டீர்கள் என்றால், அந்தச் சொல்லை வட்டமிடும் பழக்கம். தப்பு ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

விடை வராத கணக்கோடு பதினைந்து நிமிடம் மல்லுக்கட்டுங்கள். பிறகு தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி, மீதியை நீங்களே போடுங்கள். முழுத் தீர்வையும் பார்க்க நேர்ந்தால், இரண்டு நாள் கழித்து அதே கணக்கைப் புதிதாகப் போட்டால்தான் அது உங்களுடையது.

நெகட்டிவ் மார்க்கைப் பற்றிப் பயத்தைவிடக் கணக்கு மேல். சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழிவு என்ற முறையில், நான்கு தெரிவுகளில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால் ஊகிப்பதில் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். ஒன்றையும் நீக்க முடியாவிட்டாலும் சராசரி கால் மதிப்பெண் லாபம்தான், குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால். ஆனால் யாரும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. அரைகுறையாகத் தெரிந்தவரை இழுக்கத்தான் அந்த 100, 648. எனவே மாதிரித் தேர்வில் ஊகித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்தவற்றில் ஐந்துக்கு ஒன்றுக்கும் குறைவாகச் சரியானால் உங்கள் ஊகம் நஷ்டம், விட்டுவிடுவதே நல்லது.

மாதிரித் தேர்வு கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒன்று போதும். உண்மையான தேர்வு நடக்கும் அதே நேரத்தில், இடையில் எழாமல் எழுதுங்கள். விடைத்தாளில் வட்டம் நிரப்பும் தேர்வானால் வட்டத்தையும் நிரப்பியே பழகுங்கள். அந்த நிமிடங்களைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் கடைசிப் பத்துக் கேள்விகளில் திணறுகிறார்கள். மூன்று மணி நேரம் எழுதிய தாளைத் திருத்தி அலச ஆறு மணி நேரம் ஆகலாம். அதைச் சுருக்கிவிட்டு அடுத்த தாளுக்கு ஓட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இலவசமாகக் கிடைக்கும் விடைக்குறிப்புகளில் தவறுகள் உண்டு. உங்கள் விடையும் அதுவும் பொருந்தவில்லை என்றால், உடனே உங்கள் வழியை மாற்றிக்கொள்ளாதீர்கள். பழைய தாளானால் தேர்வு அமைப்பு வெளியிட்ட இறுதி விடைக்குறிப்பைப் பாருங்கள். முதலில் வரும் தற்காலிகக் குறிப்பு ஆட்சேபங்களுக்குப் பிறகு மாறியிருக்கலாம். அப்படியும் தீராததை, நீங்கள் போட்ட படிகளோடு முழுதாக எழுதிச் சேர்த்து வைத்து, வாரம் ஒருமுறை பள்ளி ஆசிரியரிடமோ மேல் வகுப்பு மாணவரிடமோ கொண்டுபோங்கள். படிகள் எழுதியிருந்தால், எந்த வரியில் இடறினீர்கள் என்று அவர்கள் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.