வீட்டு ரவுட்டரும் 94-இல் நின்ற வேகமும்

நொடிக்கு 300 மெகாபிட் தரும் இணையத் திட்டத்துக்கு மாறி ஒரு மாதம் கடந்த பிறகும், வேகச் சோதனையை எந்த நேரத்தில் நடத்தினாலும் 93 அல்லது 94 என்ற எண்ணே வந்துகொண்டிருந்தது. ஏழு ஆண்டுகள் உழைத்த பழைய ரவுட்டர்தான் காரணம் என்று முடிவு செய்து புதிய ஒன்றை வாங்கி மாட்டினேன். அதிலும் 94 தான் வந்தது. மடிக்கணினியைக் கேபிள் வழியாக நேரடியாக ரவுட்டரில் இணைத்துப் பார்த்தபோதும் எண் மாறவில்லை. அப்போதுதான் இது வைஃபை தொடர்பான கோளாறு அல்ல என்பதும், அந்த 94 என்ற எண்ணே ஒரு தடயம் என்பதும் புரிந்தது.

ஈதர்நெட் கேபிளால் இணைக்கப்பட்ட இரண்டு கருவிகள் முதலில் தமக்குள் பேசி, எந்த வேகத்தில் தரவைப் பரிமாறிக்கொள்வது என்று முடிவு செய்துகொள்கின்றன. பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் அது 100 மெகாபிட்டாகவோ 1000 மெகாபிட்டாகவோ இருக்கும். 100 என்று முடிவானால், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துடனும் செல்லும் முகவரி முதலிய தலைப்புச் செய்திகளுக்கான இடம் போக, பயனருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 94 தான். ஆகவே நீங்கள் வாங்கிய திட்டம் எதுவாக இருந்தாலும், வேகம் 94-ஐத் தாண்டாமல் நிலையாக நின்றால், வழியில் எங்கோ ஒரு போர்ட்டோ (கேபிளைச் செருகும் துளை) கேபிளோ 100 மெகாபிட்டில் இயங்குகிறது என்று கொள்ளலாம்.

என் பழைய ரவுட்டரின் போர்ட்டுகள் 100 மெகாபிட்டுக்கு மட்டுமே உரியவை. எனவே அதை மாற்றியதில் பிழை இல்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பைப் பெறும் மோடத்தையும் ரவுட்டரையும் இணைக்கும் இரண்டு அடிக் கேபிளை மட்டும், நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணிப் பழையதையே செருகியிருந்தேன். அதைக் கழற்றி, கண்ணாடி போன்ற அதன் செருகுமுனையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வண்ண வண்ணமாக எட்டுக் கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. ஏழு கம்பிகள் முனைவரை சென்று பொன்னிறத் தகடுகளைத் தொட்டுக்கொண்டிருக்க, ஓரத்தில் இருந்த பழுப்புக் கம்பி மட்டும் சற்றுப் பின்னால் அறுந்து நின்றது. 1000 மெகாபிட் இணைப்புக்கு எட்டுக் கம்பிகளும், அதாவது நான்கு இணைகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகளே போதும். பழுப்பு அறுந்தவுடன் இரு கருவிகளும் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடர்ந்திருக்கின்றன. இணைப்பு ஒருமுறைகூட முழுதாக அறுந்து போகாததால் எனக்கு ஐயம் எழவே இல்லை. 1000 மெகாபிட்டுக்கு ஏற்ற வகையைக் குறிக்கும் ‘கேட் 5இ’ என்று அச்சிட்ட புதிய கேபிளை மாட்டிய அடுத்த நிமிடம் வேகம் 290-ஐத் தாண்டியது.

ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள பெரிய எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு, பின்பக்கத்தில் உள்ள போர்ட்டுகளின் வேகத்தைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். முன்பக்க எண் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ‘ஏஎக்ஸ்3000’ என்று எழுதியிருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் உச்ச வேகமான 574 மெகாபிட்டையும், 5 கிகாஹெர்ட்ஸின் உச்ச வேகமான 2402 மெகாபிட்டையும் கூட்டி, முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு கைபேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணைந்திருக்கும். அந்த 2402-ஐ எட்ட 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல், அதாவது அலைவரிசைக்குள் ஒரு தனிப் பாதை, வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸுடன் நின்றுவிடும் கைபேசிக்கு 1201 தான் உச்சம், அதிலும் கைக்கு வருவது பாதிக்குச் சற்று மேலாக இருந்தால் மகிழலாம். இந்தக் கணக்கின்படி 300 மெகாபிட் திட்டத்துக்கு ‘ஏஎக்ஸ்1500’ வகை ரவுட்டரே தாராளமாகப் போதும். 2019-இல் சான்றிதழ் பெறத் தொடங்கிய வைஃபை 6 தலைமுறையே இன்று பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. 2024-இல் வந்த வைஃபை 7-க்குக் கூடுதலாகச் செலவிடுவதைவிட, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவோம் என்று தெளிவாக அறிவிக்கும் தயாரிப்பாளரைத் தேடுவது மேல்.

இணைப்பு நிறுவனம் தரும் பெட்டி வெறும் மோடமா, அல்லது அதனுள்ளேயே ரவுட்டரும் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே ரவுட்டர் இருக்கும்போது நம்முடையதையும் அதன் பின்னால் மாட்டினால், வீட்டுக் கருவிகளின் உள் முகவரிகளை வெளி இணைய முகவரியாக மாற்றும் வேலையை இரண்டு பெட்டிகளும் செய்யும். இணையத்தில் உலவுவதற்கு அதனால் தடையில்லை, ஆனால் வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பதும் நண்பர்களுடன் விளையாட்டில் இணைவதும் சிக்கலாகும். நிறுவனத்தின் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக இயங்கும் ‘பிரிட்ஜ்’ நிலைக்கு மாற்றச் சொல்வது ஒரு வழி, நம் ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ ஆக மாற்றிவிடுவது இன்னொரு வழி. எதைச் செய்வதானாலும், பழைய பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் பயனர்பெயர், விலான் எண் (நிறுவனம் தன் இணைப்பைப் பிரித்தறியத் தரும் எண்) போன்ற விவரங்களை அதைக் கழற்றும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணையம் போன பிறகு அவற்றைத் தேடுவது பெரும் அலைச்சல்.

கேபிளுக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் நிலைமையை மாற்றியது ரவுட்டர் இருந்த இடம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஓர் அலமாரிக்குள் அதை வைத்திருந்தோம். தொலைக்காட்சியின் உலோகப் பின்புறம், இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட் சுவர், நிலைக்கண்ணாடியின் பின்னுள்ள உலோகப் பூச்சு, குளிர்சாதனப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் அலையைத் தடுப்பவை. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டும்போது 2.4-ஐவிட விரைவாக வலுவிழக்கும். பதினைந்து மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி, ரவுட்டரை வீட்டின் நடுவே உள்ள நடையில் தலைக்கு மேல் உயரத்தில் பொருத்தினேன். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் செல்லும் என்பதால் அதன் நீளத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முன்பு 20 மெகாபிட் வந்துகொண்டிருந்த கடைசி அறையில் இப்போது 110-க்குக் குறையாமல் வருகிறது. ஆன்டெனாக்களைப் பொறுத்தவரை, அலை அவற்றின் நுனியிலிருந்து பாய்வதில்லை, பக்கவாட்டில் வளையம் போல் பரவுகிறது. அதனால் ஒரே தளமுள்ள வீட்டில் அவை செங்குத்தாக நிற்க வேண்டும், மாடிக்கும் அலை செல்ல வேண்டுமானால் ஒன்றை மட்டும் கிடையாகச் சாய்க்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் எட்டாத அறை இருந்தால் மட்டுமே மெஷ், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு, பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைக்க முடியுமா என்று பாருங்கள்.

அமைப்புகளில் நான் மாற்றியவை சிலவே. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்க, ஒவ்வொரு ரவுட்டரும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்வதால், ஒன்றின் மீது ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அண்டை வீடுகள் எவற்றில் இருக்கின்றன என்று கைபேசிச் செயலி ஒன்றில் பார்த்துவிட்டு, மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரவுட்டர் அங்கே ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்பத் தொடங்கும். மின்தடைக்குப் பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாகத் தோன்றினால் அதைக் கோளாறு என்று எண்ணி மீண்டும் அணைத்துவிட வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் வேறு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 2016-இல் பரவிய ‘மிராய்’ என்ற தீநிரல், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் ஆலையில் வைத்து அனுப்பிய பயனர்பெயர், கடவுச்சொற்களில் சுமார் 60 இணைகளை வரிசையாகச் சோதித்தே எண்ணற்ற கருவிகளைக் கைப்பற்றியது. ‘டபிள்யூபிஎஸ்’ என்ற எளிய இணைப்பு வசதியின் எட்டு இலக்கப் பின் எண்ணும் இதே போன்ற ஓட்டைதான். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. மீதமுள்ள ஏழையும் ரவுட்டர் முதல் நான்கு, அடுத்த மூன்று என்று தனித்தனியே சரிபார்ப்பதால் 10,000-மும் 1,000-மும் சேர்ந்து 11,000 முயற்சிகளே போதும். இந்தப் பலவீனம் 2011-இலேயே வெளிவந்துவிட்டது. ஆகவே அந்த வசதியை அணைத்தேன், வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணைத்தேன், மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தேன். விருந்தினர்களுக்கும், மின்விளக்கு, கேமரா போன்ற சிறு கருவிகளுக்கும் தனியாக ஒரு விருந்தினர் வலையமைப்பை உருவாக்கினேன். பழைய கைபேசி ஒன்று வீட்டில் இருப்பதால் வைஃபை மறையாக்கத்தை, பழைய முறையான டபிள்யூபிஏ2, புதிய முறையான டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையில் விட்டிருக்கிறேன். அந்தக் கைபேசி போனதும் டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாற்றிவிடுவேன்.

பழுப்புக் கம்பி அறுந்த அந்த இரண்டு அடிக் கேபிளைக் குப்பையில் போடும் முன், அதன் இரண்டு செருகுமுனைகளையும் கத்தரித்தேன். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் வேறு யாராவது எடுத்து மீண்டும் எங்காவது செருகிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருந்தது.