பாப்பாவின் மூச்சு

ஜூலை 7
காய்ச்சல் 38.4. இருமல். பால் பாதிதான் குடித்தாள்.

ஜூலை 8
காய்ச்சல் இறங்கிவிட்டது, மூச்சு இறங்கவில்லை. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன். 54. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50ஐத் தொட்டாலே வேகம்தான். ஒரு வயது தாண்டினால் 40. அழும்போது எண்ணினால் கணக்கு தப்பிவிடும். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்திருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன்.

ஜூலை 9, விடிகாலை
மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே குழிகிறது. மூக்கு விடைக்கிறது. டாக்சி பிடித்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க, கால் விரலில் சிவப்பு விளக்கு மாட்டினார்கள். 90 சதவீதம். உடனே மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

ஜூலை 9, இரவு
நிமோனியா. நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகளில் நீர் சேர்ந்துவிட்டதாம். ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போக வழியில்லாமல்தான் பிள்ளை இத்தனை வேகமாக இழுக்கிறாள்.

ஜூலை 10
மூக்கில் எடுத்த சோதனையில் ஆர்எஸ்வி என்ற, மூச்சுப் பாதையைத் தாக்கும் வைரஸ். ஆன்டிபயாடிக் கிடையாது. அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆக்சிஜன், மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பது, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். அவ்வளவுதான் சிகிச்சை. அத்தை போனில், "ஏம்மா, மருந்தே கொடுக்க மாட்டேங்கிறாங்களா?" என்றார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஆனாலும் பக்கத்துக் கட்டில் பையனுக்கு பாக்டீரியா நிமோனியா. அவன் கையில் ஆன்டிபயாடிக் ஏறுவதைப் பார்க்கும்போது பொறாமையாக இருக்கிறது. அவனுக்கு ஒரு மருந்து இருக்கிறது. எங்களுக்குக் காத்திருப்பு மட்டும்.

ஜூலை 11
டயப்பர் ஈரமாகியிருக்கிறது, உடம்பில் நீர் வற்றவில்லை. கடவுளே, நன்றி.

ஜூலை 11, மாலை
"தடுப்பூசி போட்டுமா வந்துச்சு?" எத்தனை பேர் கேட்பார்கள்! நாலாம் மாதமும் ஆறாம் மாதமும் போட்ட ஊசி நிமோகாக்கஸ் என்ற ஒரு பாக்டீரியாவைத்தான் தடுக்கும். நிமோனியாவுக்கு ஒரே ஒரு கிருமியா என்ன? ஒரு வயதில் பூஸ்டர் இருக்கிறது. கட்டாயம் போடுவேன்.

ஜூலை 12
ஆக்சிஜனைக் குறைத்தார்கள். 95. தூங்கியதும் 92. நர்ஸ் பரவாயில்லை என்கிறார். நான் திரையை விட்டு நகரவில்லை.

ஜூலை 13
குழாய் இல்லாமல் 97. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜூலை 14
வீடு. இருமல் சில வாரம் இருக்கும், பயப்படாதீர்கள் என்றார்கள். மூச்சு வேகமானாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலமானாலோ உடனே வரச் சொன்னார்கள். அத்தை இஞ்சிச் சாறில் தேன் கலந்து எடுத்து வந்தார். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அத்தை. முகம் சுருங்கிவிட்டது. இருக்கட்டும்.

ஜூலை 15
மூச்சு எண்ணினேன். 44. 46. 43. இவருக்கு நாளையோடு லீவு முடிகிறது. குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் திங்களன்று சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும்.