நெட் லைஃப் சயின்ஸ்: கால்சியம் கேள்விகளைத் தாண்டிப் போகாதீர்கள்

ஒருவழியாக சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வந்துவிட்டது. கட்-ஆஃபைக் கொஞ்சம்தான் தாண்டினேன், போதும். பெங்களூரு மத்திகெரே பிஜியில் (விடுதியில்) இருக்கும் நம்மூர்ப் பசங்கள் செல் சிக்னலிங் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்தப் பதிவு.

பார்ட் சி-யில் 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும் என்பதால், சவ்வு இணைவு (இரண்டு சவ்வுகள் ஒன்றாவது; நரம்பு முனையில் சிறு பைகள் இப்படி இணைந்துதான் உள்ளிருக்கும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன) என்றாலே பலர் அடுத்த கேள்விக்கு ஓடுகிறார்கள். நான் பணம் கட்டிய கோச்சிங் சென்டர் நோட்ஸிலும் அரைப் பக்கம்தான். அதிலும், கால்சியமே ஸ்னேர் புரதங்களை (சவ்வுகளை இழுத்து இணைப்பவை) ஒன்றோடொன்று பின்னுகிறது என்பதுபோல எழுதியிருந்தார்கள். வயிற்றெரிச்சல்.

எந்தக் கேள்வி வந்தாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: இது கால்சியம் வருவதற்கு முன்பா, வரும்போதா, வந்த பிறகா?

முன்பு: ஸ்னேர்களான சின்டாக்ஸின், ஸ்னாப்-25, வெசிக்கிளில் (அந்தச் சிறு பையில்) உள்ள சினாப்டோபிரெவின் மூன்றும் பாதி பின்னி நிற்கும். காம்ப்ளெக்ஸின் என்ற துணைப் புரதமும் கூட இருக்கும். ஆள் ஏறி முடித்து, கண்டக்டர் விசிலுக்குக் காத்திருக்கும் பஸ் மாதிரி.

வரும்போது: கால்சியம் ஒட்டுவது ஸ்னேரில் அல்ல, சினாப்டோடாக்மின் என்ற சென்சார் புரதத்தில். அதன் சி2ஏ பகுதியில் 3 கால்சியம், சி2பி பகுதியில் 2.

பிறகு: என்எஸ்எஃப், ஆல்ஃபா-ஸ்னாப் புரதங்கள், ஆற்றலுக்கு ஏடிபி. பின்னலைப் பிரிக்கும் வேலை. இந்த ஸ்னாப் வேறு, ஸ்னாப்-25 வேறு, ஆப்ஷனில் மாட்டிவிடுவார்கள்.

இப்போது போட்டுலினம் நச்சைக் கொடுத்தால்? ஸ்னேர் வெட்டுப்படும். கால்சியம் வழக்கம்போல உள்ளே வரும், ஆனால் வெளியீடு நடக்காது. சினாப்டோடாக்மின்-1 இல்லாத எலியில் வேகமான வெளியீடுதான் போகும், தாமதமாக நடப்பது மிஞ்சும்.

எனக்கு மிகவும் பிடித்தது, கால்சியத்தைப் பிடித்து வைக்கும் வேதிப்பொருட்களான இஜிடிஏ, பாப்டா ஜோடி. கால்சியத்தைப் பிடிக்கும் பலம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், வேகம்தான் வேறு. ஸ்க்விட் என்ற கணவாயின் ராட்சத சினாப்ஸில் (நரம்புச் சந்திப்பில்) பாப்டா வெளியீட்டை நிறுத்துகிறது, இஜிடிஏ நிறுத்துவதில்லை. சவ்விலுள்ள சேனல் வழியாக நுழைந்த கால்சியத்தை மெதுவான இஜிடிஏ பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அதாவது சென்சார் சேனலை ஒட்டியே இருக்கிறது. இதைப் படம் போட்டுப் பாருங்கள். மனப்பாடக்காரர்களும்தான்.

கணக்கு: தவளையின் நரம்பு-தசைச் சந்திப்பில் ஆய்வாளர்கள் டாட்ஜும் ரஹாமிமோஃபும் 1967-இல் காட்டிய நான்காம் அடுக்கு உறவு, அதாவது வெளியீடு கால்சியத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கால்சியம் குறைவாக இருக்கும் நிலையில் அதை இரட்டிப்பாக்கினால் வெளியீடு சுமார் 16 மடங்கு.

அப்புறம், கடல் முள்ளெலி முட்டையின் கார்ட்டிகல் துகள்கள் (முட்டைச் சவ்வை ஒட்டிய சிறு பைகள்). விந்து சேர்ந்ததும் ஓடும் கால்சியம் அலைதான் அவற்றை வெளியேற்றுகிறது. டெவலப்மென்டல் பயாலஜிக்கும் சேர்த்துப் படித்த மாதிரி. இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் எண்டோசோமில் (செல் உள்ளே விழுங்கிய பையில்) இணைவதற்குக் கால்சியம் என்று ஆப்ஷன் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள், அங்கே தூண்டுவது குறைந்த பிஹெச்.