தையல் கடையிலிருந்து நாஷ்வில்லுக்கு: ஆண்ட்ரூ ஜான்சன் குறிப்புகள்

ஜூன் 3

லிங்கனுக்குப் பின் அமெரிக்க அதிபரானவர், 1868-இல் பதவிநீக்க விசாரணையில் ஒரே வாக்கில் பதவி தப்பியவர். ஜான்சனைப் பற்றிப் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. அவர் அரசியல் பழகியது நாஷ்வில்லைத் தலைநகராகக் கொண்ட டென்னசி மாநிலத்தில்; நமக்கு வேண்டியது அந்தக் காலம்.

1808-இல் வட கரோலினாவின் ராலேயில் பிறந்தார். பள்ளிக்கூடமே போனதில்லை. ஜேம்ஸ் செல்பியின் தையல் கடையில் 21 வயதுவரை இருப்பதாக எழுதிக் கொடுத்துச் சேர்த்தார்கள். 1824-இல் அண்ணனோடு ஓடிப்போக, பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்று செல்பி விளம்பரம் போட்டார். அந்தக் கடையில் பையன்கள் தைக்கும்போது ஒருவர் வந்து சொற்பொழிவுகளை உரக்கப் படித்துக் காட்டுவார். பேச்சின்மேல் ருசி அங்கே வந்ததுதான்.

ஜூன் 5

டென்னசியின் கிரீன்வில்லில் தையல் கடை போட்டதும் எலைசாவைக் கைப்பிடித்ததும் 1827-இல். எழுத்தும் கணக்கும் மனைவி சொல்லிக்கொடுத்தது. கடை ஊர்க்காரர்கள் வாதம் பண்ணும் திண்ணையானது. 1829-இல் நகர மன்ற உறுப்பினர், 1834-இல் மேயர்.

காலமும் கைகொடுத்தது. பழைய 1796 அரசியல் சட்டப்படி மாநில சட்டமன்றத்துக்குப் போட்டியிட 200 ஏக்கர் நிலம் வேண்டும், ஆளுநராக 500 ஏக்கர். 1834-இல் எழுதிய புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. அதே சட்டம் சுதந்திரக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையையும் பறித்தது. 1835-இல் ஜான்சன் மாநில சட்டமன்றத்தின் கீழவைக்குப் போனார்.

ஜூன் 6

ரயில் பாதைக்கு அரசுப் பணம் தருவதை எதிர்த்தார். ரயிலுக்கு ஏங்கிய கிழக்கு டென்னசியில் அது எடுபடவில்லை, 1837-இல் தோல்வி. 1839-இல் மீண்டும் வெற்றி, 1841-இல் மாநில செனட், 1843 முதல் பத்தாண்டு வாஷிங்டனில் நாடாளுமன்றக் கீழவை. பிறகு எதிர்க்கட்சியான விக் கட்சியினர் தொகுதி எல்லையை மாற்றி அவர் ஜெயிக்க முடியாதபடி செய்தார்கள். அந்த வேலையில் முன்நின்ற கஸ்டாவஸ் ஹென்றியையே 1853-இல் ஆளுநர் தேர்தலில் தோற்கடித்தார்.

ஜூன் 9

ஆளுநர் நாற்காலியில் பெயர் பெரிது, அதிகாரம் சிறிது. டென்னசி ஆளுநருக்கு அப்போது மசோதாவைத் தடுக்கும் அதிகாரமே கிடையாது. சட்டமன்றத்துக்குச் செய்தி அனுப்பலாம், வற்புறுத்தலாம். அப்படி வற்புறுத்தித்தான் 1854-இல் பொதுப் பள்ளிகளுக்கென வரி வந்தது. முன்னாள் கொல்லரான ஒரு நீதிபதி தன் கையால் அடித்த கரண்டி ஒன்றை அடுப்புக்கரி அள்ள அனுப்பிவைக்க, ஆளுநர் பதிலுக்குத் தானே ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். ஓட்டுக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது?

உழைப்பாளியின் ஆள் என்று மேடையில் சொன்னவர், 1840-களில் டாலி, சாம் என்ற இருவரை விலைக்கு வாங்கி வீட்டில் அடிமைகளாக வைத்திருந்தார். 1863 ஆகஸ்டில்தான் விடுவித்தார்.