கல்லின் மேல் நின்ற வீட்டியர்

இங்கிலாந்தின் பென்னைன் மேட்டுநிலத்தில் செப்டம்பர் மாதக் காலையொன்றில் போய் நிற்பவருக்கு முதல் பார்வையில் ஒன்றுமே தென்படாது. மரமற்ற வெளியும், பூத்து முடிந்து பழுப்பேறிய ஹெதர் புதர்களும், மிதித்தால் நீர் கசியும் கரிய மண்ணும், ஓயாத காற்றும் மட்டுமே இருக்கும். வலசை என்றால் வானம் நிறையப் பறவைகள் செல்லும் என்று எண்ணி வருபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவது இதனால்தான். ஆண்டுதோறும் இந்த மேட்டுநிலத்துக்கும் அதன் கீழேயுள்ள நீர்த்தேக்கத்துக்கும் போய்வரும் நான், பறவை பறப்பதைவிட அது வழியில் தங்குவதையே பெரிதாக மதிக்கிறேன்.

இடிந்த கற்சுவர் ஒன்றின் மேல் அன்று ஒரு வீட்டியர் நின்றுகொண்டிருந்தது. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள சிறு பறவை அது; மார்பில் வெளிறிய மணல் நிறம், கண்ணை ஒட்டி ஒரு கரிய கோடு. கல்லிலிருந்து இறங்கிக் குட்டைப் புல்லில் சில அடி ஓடும், சட்டென்று நின்று நிமிரும், வாலை ஒருமுறை அசைக்கும், பிறகு குனிந்து வண்டு ஒன்றைக் கொத்தி எடுக்கும். பறந்தபோது மட்டும் வெள்ளைப் பிட்டமும் வால் நுனியின் கரும்பட்டையும் பளிச்சிட்டன. இதே இனத்தைச் சேர்ந்த அலாஸ்காப் பறவைகள் ஆசியாவைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஒரு வழிக்கே சுமார் 14,500 கி.மீ. செல்வதை, ஒளியைப் பதியும் நுண்கருவிகளை முதுகில் பொருத்தி ஆய்வாளர்கள் கண்டறிந்து 2012இல் வெளியிட்டார்கள். கனடாவின் பாஃபின் தீவிலிருந்து கிளம்பிய ஒன்று அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பிரிட்டன் வந்து, பிறகே ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. அத்தனை தொலைவுக்குமான எரிபொருள் உடலில் சேரும் கொழுப்புத்தான் என்பதால், இப்படிக் கொத்தித் தின்னும் ஒவ்வொரு வண்டும் பயணத்தின் ஒரு பகுதி.

காற்றின் திசையை அறியாமல் இங்கே பறவை பார்க்கப் போவது வீண் அலைச்சல். மழையோடும் தெற்குக் காற்றோடும் இரண்டு மூன்று நாள் கழிந்தால் பறவைகள் நகராமல் தேங்கிவிடும். வானம் தெளிந்து வடக்குக் காற்று வீசத் தொடங்கிய இரவில் அவை கிளம்பிவிடும். பகலில் செல்லும் நெட்டைக்காலிகள் மட்டும் எதிர்க்காற்றில் தரையை ஒட்டித் தாழப் பறப்பதால், அப்போதுதான் அவற்றை நன்றாக எண்ண முடியும்.

கீழேயுள்ள நீர்த்தேக்கத்தில் வேறொரு கணக்கு. கோடையில் நீர் வற்றியிருந்தால் கரையோரம் சேறு தெரியும். சேறு தெரிந்தால் உள்ளான்கள் இறங்கும். பச்சைக்காலி முழங்கால் அளவு நீரில் ஓடிச் சிறுமீன்களைத் துரத்தும். பேதை உள்ளான் நிதானமாகச் சேற்றைக் கிளறும். கரைப்பறவைகளில் பல இனங்களில் முதிர்ந்தவை முன்னே போய்விட, அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் வழிகாட்ட எவருமின்றிப் பின்னால் வருகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், படம் எடுக்கும் ஆசையில் சேற்றின் விளிம்புவரை நடந்து, மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதையும் எழுப்பிவிட்டேன். அவை மீண்டும் அங்கே இறங்கவில்லை. அன்று முதல் கரைமேட்டுக்குப் பின்னால் அமர்ந்து, தொலைநோக்கியில் தெரிவதே போதும் என்றிருக்கிறேன்.

ஐஸ்லாந்திலிருந்து வரும் இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் ஆப்பு வடிவில் கத்திக்கொண்டே கடப்பதை யாரும் தவறவிடமாட்டார்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் இரவுகளில் இருட்டுக்குள்ளிருந்து 'சீஈப்' என்று மெலிதாக இழுத்து ஒலிக்கும் ரெட்விங் பூங்குருவியின் குரலைக் கேட்கத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த வீட்டியர் நான்கு நாட்கள் அதே சுவரை விட்டு அகலவில்லை. மூன்றாம் நாள் அதன் வயிறு உருண்டிருந்தது. நான்காம் நாள் மாலையில் மேகம் விலகி, காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. மறுநாள் விடியற்காலையில் நான் போனபோது கல்லின் மேல் உலர்ந்த வெள்ளை எச்சம் மட்டும் இருந்தது.