வெள்ளை விளக்கு எரிகிறது, படம் இல்லை

ஜூன் 5, 2024

பேரம் 4,200 ரூபாயில் முடிந்தது. 2015-இல் வந்த 1200 வரிசை பிளேஸ்டேஷன் 4, டி.வி.யில் மாட்டி விளையாடும் கன்சோல். விளக்கு நீலத்திலிருந்து வெள்ளைக்கு மாறுகிறது, டி.வி.யில் படம் மட்டும் வருவதில்லை. விற்றவர் அதைப் பெருங்குறையாகச் சொல்லிக்கொண்டே விலையைத் தானாகவே இறக்கினார். எனக்கோ அந்த வெள்ளை விளக்கைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. நீலத்திலேயே துடித்து அணைந்துபோகும் பெட்டியாக இருந்தால் பிரதான சிப்பிலோ அதன் அடியிலிருக்கும் ஈய இணைப்புகளிலோ கோளாறு இருக்கலாம், அதைத் தொடுவதற்கான கருவிகள் என்னிடம் இல்லை. இது வெள்ளை, பெட்டி வேலை செய்கிறது, படத்தை டி.வி.க்குக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. வழியில்தான் எங்கோ தடை. பழுதானதை வாங்கிச் சரிசெய்து விற்கும் இந்தத் தொழிலில் லாபம் வாங்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. பழுது பார்ப்பதில் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குப் பணம் அனுப்ப 24-ஆம் தேதி வரை அவகாசம் இருக்கிறது.

ஜூன் 6

பின்புறத் திருகுகளைக் கழற்ற, நடுவில் துளையுள்ள நட்சத்திர முனை வேண்டும். சாதாரண நட்சத்திர முனை உள்ளே இறங்காது. அவற்றின் மேல் ஒட்டியிருந்த முத்திரைச் சீட்டுகள் ஏற்கெனவே கிழிந்திருந்ததால், எனக்கு முன்பே யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. மூடியைத் தூக்கியதும் கரப்பான் பூச்சிகள். உயிருள்ளவை இரண்டுதான், ஆனால் பவர் சப்ளையின் காற்றுத் துளைகளுக்குப் பின்னால், அந்தக் கதகதப்பான மூலையில், பழுப்பு நிற முட்டைப்பைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. விசிறியின் இதழ்களில் கால்களும் இறகுத் துணுக்குகளும் தூசியோடு சேர்ந்து மெத்தையாகப் படிந்திருந்தன. மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் பவர் சப்ளையை இரவு முழுவதும் தனியே வைத்துவிட்டு, மற்றவற்றை மொட்டை மாடியில் தூரிகை கொண்டு சுத்தம் செய்தேன்.

கேபிளைச் செருகும் எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் நாக்கு உடைந்து, உள்ளே மூன்று பின்கள் மடிந்து கிடக்கின்றன. கேபிளைச் செருகியபடியே யாரோ பெட்டியை இழுத்திருக்கிறார்கள்.

ஜூன் 7

பாய் கடையில் போர்ட் தீர்ந்துவிட்டது. நாளை வரும் என்றார்.

ஜூன் 8

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குள் நடந்தேன். போர்ட் 120 ரூபாய். சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும், ஈயம் நன்றாகப் பற்ற உதவும் ஃப்ளக்ஸும் சேர்ந்து 350.

பழைய போர்ட்டை எடுப்பதுதான் பாதி வேலை. அதன் கால்கள் மின்சுற்றுப் பலகையின் தரை இணைப்போடு (கிரவுண்ட்) சேர்ந்திருப்பதால், மேலிருந்து எவ்வளவு சூடு கொடுத்தாலும் பலகை அதை உறிஞ்சிக்கொள்கிறது. பொறுமையிழந்து இழுத்தால் அடியிலிருக்கும் செப்புத் திட்டுகள் கையோடு வந்துவிடும். சுற்றிலும் சூடு தாங்கும் காப்டன் டேப் ஒட்டி, கீழிருந்து பலகையைச் சூடாக்கி, குறைந்த சூட்டிலேயே உருகும் ஈயத்தைக் கலந்து, ஹாட் ஏர் கருவியின் சூடான காற்றைக் காட்டியபோது போர்ட் தானாக அசைந்து கொடுத்தது. புதியதை வைத்து 19 பின்களையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். பின்னுக்கும் பின்னுக்கும் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் பளபளத்தது.

இருந்தும் படம் இல்லை.

ஜூன் 9

ஞாயிறு. கடைகள் கிடையாது. போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ. சிப்புக்குப் போகும் தடங்களை மல்டிமீட்டரின் டயோடு அளவில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிப் எரிந்திருந்தால் அளவுகள் தாறுமாறாக இருக்கும். இதில் ஒரே ஒரு தடத்தைத் தவிர மற்ற எல்லாம் ஒரே அளவைக் காட்டுகின்றன. அந்தத் தடத்தில் எள்ளளவே இருக்கும் வடிகட்டி ஒன்றின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்பு திறந்தவரின் கைவேலை என்றே நினைக்கிறேன்.

ஜூன் 10

அந்த வடிகட்டியின் மூலையைப் பற்றவைத்ததும் படம் வந்துவிட்டது.

வந்த பிறகு ஹார்ட் டிஸ்க் தன் வேலையைக் காட்டியது. மெனு திறக்கவே நெடுநேரம் எடுக்கிறது, நடுவே கடகடவென்று சத்தம். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் திருகின் தலையில் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு அக்கறை காட்டியவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. மடிக்கணினியிலிருந்து கழற்றிய 500 ஜி.பி. டிஸ்க் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பவர் பொத்தானை இரண்டாவது பீப் ஒலி வரை அழுத்திப் பிடித்து, பாதுகாப்பு முறையில் ஏழாவது தேர்வின் வழியாக மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன்.

கன்ட்ரோலரின் இரண்டு ஜாய்ஸ்டிக் குச்சிகளும் தொடாமலே நகர்ந்ததாகக் காட்டின, மாற்றியதற்கு 160. போக்குவரத்து 70. ஆக மொத்தம் 5,800.

ஜூன் 13

விசிறிச் சத்தம்.

ஜூன் 14

சிப்பின் மேலிருந்த பழைய பேஸ்ட் காய்ந்த சந்தனம் போல் உதிர்ந்தது. ஆல்கஹாலில் துடைத்துப் புதியதைத் தடவி, குறுக்குத் தகட்டின் இரண்டு திருகுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மெனுவில் நிற்கும்போது அமைதியாகத்தான் இருக்கிறது. விளையாட்டு ஓடத் தொடங்கி இருபது நிமிடம் கழித்து மெல்ல எழுகிறது. இந்த வரிசைக்கு இந்தச் சத்தம் இயல்புதானா, அல்லது காதை அங்கேயே வைத்திருப்பதால் எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்கிறதா?

அக்கா தொலைபேசியில் அழைத்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூன் 15

இரவு இரண்டு மணி. இன்னும் கேட்கிறது.

ஜூன் 17

விற்றவர் அழைத்தார். விடுதியிலிருந்து வந்த மகன், தான் சேமித்து வைத்த விளையாட்டுகள் எங்கே என்று கேட்டு வீட்டை இரண்டாக்குகிறானாம். வாங்கும் அன்றே நான் கேட்டிருந்தேன். அப்போது எதுவும் வேண்டாம் என்றார்.

பழைய டிஸ்க் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு போய் அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்தக் கன்சோலின் டிஸ்க் இந்தக் கன்சோலின் சாவியால் பூட்டப்பட்டது. கணினியில் மாட்டினாலும், வேறொரு பிளேஸ்டேஷனில் மாட்டினாலும் அது வெற்றுத் தகடுதான். பெட்டி என் கையைவிட்டுப் போகும் நாளில் அந்தச் சேமிப்பும் போய்விடும். வரச் சொன்னேன்.

ஜூன் 18

பையன் வந்தான், பென் டிரைவோடு. பழைய டிஸ்க்கை மாட்டியவுடன் பெட்டி அப்டேட் கோப்பைக் கேட்டது. டிஸ்க் அதைத் தாங்குமா என்று நான் தயங்கியதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. தாங்கியது. அவன் தன் பெயரில் நுழைந்து ஒவ்வொன்றாகப் பென் டிரைவுக்கு மாற்றினான், நடுவில் அந்தக் கடகடச் சத்தம் வந்தபோதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு மணி நேரம். தன் கணக்கைக் கன்சோலிலிருந்து நீக்கிவிட்டுப் போகச் சொன்னேன். வாங்குபவருக்கு அது தலைவலியாகிவிடக் கூடாது. கிளம்பும்போது, “அண்ணா, ஃபேன் சத்தம் குறைஞ்சிருக்கே” என்றான்.

அவனுடைய அப்பா அனுப்பிய ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 20

விளம்பரத்துக்கு என்ன எழுதுவது என்பதில் மாலை முழுவதும் போயிற்று. போர்ட் மாற்றியதைச் சொன்னால் ஆயிரமாவது குறைத்துக் கேட்பார்கள். சொல்லாமல் விட்டால் எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இந்தியாவில் 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு அறிமுகமான கன்சோல் இது. பிளேஸ்டேஷன் 5 வந்தே மூன்று ஆண்டுகள் கடந்த நிலையில் இப்போதும் இதைத் தேடி வருபவர் கையைப் பிடித்துச் செலவழிக்கும் ஆள்தான். எழுதிவிட்டேன்: போர்ட், டிஸ்க், குச்சிகள் மாற்றப்பட்டவை. பலகையின் படத்தையும் சேர்த்தேன். விலை 11,500.

கரப்பான் பூச்சியைப் பற்றி எழுதவில்லை. அது இப்போது இல்லை.

ஜூன் 21

ஒன்பதாயிரத்துக்குக் கேட்டவர்கள் நிறைய. ஒருவர் பழைய செல்போனுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்கிறார்.

ஜூன் 22

நாளை காலை பத்து மணிக்கு ஒருவர் குரோம்பேட்டையிலிருந்து வருகிறார். டி.வி.யில் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கேட்பவர்கள்தான் வாங்குவார்கள். 10,500 என்கிறார், பதினோராயிரத்துக்குக் கீழே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். 10,800-இல் முடிந்தாலும், அந்த ஐந்நூறையும் சேர்த்தால் 5,500 நிற்கும், அக்காவுக்குத் திங்களன்று அனுப்பிவிடலாம். கன்ட்ரோலரைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். அவர் வருவதற்கு அரை மணி முன்பே பெட்டியை ஓடவிடுவதா, அல்லது அவர் கண் முன்னால் குளிர்ந்த நிலையிலிருந்தே தொடங்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.